55 வாட் அம்ப், 16 மில்லிவாட் வேலை: உவர்மலை வீடொன்றில் பார்த்தது

"மெல்லமா வச்சா இடது பக்கம் செத்துப்போகுது தம்பி. ஒருக்கா நல்லாச் சத்தமா வச்சிட்டுக் குறைச்சா உயிர் வருது. பிறகு திரும்பவும் சாகுது."

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் போன ஆகஸ்டில் என் திருத்த மேசைக்குத் தன் அம்ப்பை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்ளிஃபயரை, கொண்டுவந்து வைத்துச் சொன்னது இது. பழுதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆட்கள் குறைவு. பொதுவாக "வேலை செய்யுதில்லை" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சேர் சொன்ன மூன்று வசனத்திலேயே பாதி விடை இருந்தது. எனக்குத்தான் அது மறுநாள் வரை விளங்கவில்லை.

அம்ப் 1970களின் கடைசியில் ஜப்பானில் செய்தது. அலுமினிய முகம், கனத்த வொலியூம் குமிழ், பக்கத்துக்கு 55 வாட். 1977இல் நாட்டின் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தூக்கிவந்த சாமான்களில் இந்த மாதிரி அம்ப்களும் அடக்கம். இது சேரின் தமையன் 1981இல் கொண்டுவந்தது. சண்டைக் காலத்தில் பல வருடம் பெட்சீற்றில் சுற்றி ஒரு உறவினர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. அதோடு வந்த ஸ்பீக்கர்களின் கோனைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்ச் விளிம்பு எப்போதோ பொடிப்பொடியாகக் கொட்டிவிட்டதாம். அந்தக் காலத்து ஸ்பொஞ்சுக்கு இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் அதுதான் கதி.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் அதற்குப் பதிலாகக் கப்பலில் ஒரு சோடி கிளிப்ஷ் ஹெரசி 2 அனுப்பியிருந்தார். பாவித்த சாமான்தான், ஆனால் நல்ல நிலையில். பிரச்சினை அன்றிலிருந்துதான் தொடங்கியது. நகரில் ஒருவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு இந்த அம்ப் காணாது, 200 வாட் எடுங்கோ" என்றிருக்கிறார். மகனோ அங்கிருந்து, கண்ணாடி வால்வுகளில் ஓடும், மென்மையாகப் பாடும் என்று பேர்போன ட்யூப் அம்ப் ஒன்று வாங்கி அனுப்பட்டா என்று கேட்கிறார். சேருக்கு இரண்டிலும் மனமில்லை. அண்ணன் கொடுத்த பெட்டி.

காணாது என்ற பேச்சு

முதலில் இந்தக் "காணாது" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹெரசி என்பது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் போல் கிளிப்ஷ் 1957இல் கொண்டுவந்த வடிவம். அவருடைய பேர்போன பெட்டி சுவர் மூலையில் பொருந்தி நிற்கும் பெரிய ஹோர்ன், அதாவது சத்தத்தைக் கூட்டும் விரிகுழல். மூலையே தேவைப்படாத சின்னப் பெட்டி ஒன்றை அவர் செய்தபோது, இது உங்கள் கொள்கைக்கே துரோகம் அல்லவா என்று யாரோ கேலி செய்ய, அதையே பெயராக வைத்துவிட்டார். இரண்டாவது வடிவம் 1985இல் வந்தது. அடி ஒலிக்கு 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கும் கீச்சொலிக்கும் ஹோர்ன், காற்றுப் போகாமல் அடைத்த பெட்டி. 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் 96 டெசிபல். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 86, 87இல் நிற்கும். 9 டெசிபல் வித்தியாசம் என்றால், அதே சத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு வாட் போதும்.

சேரின் ஹோல் பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. அவருடைய கதிரை ஸ்பீக்கர்களிலிருந்து 3 மீற்றர் தள்ளி. தூரத்துக்குக் கொஞ்சம் கழித்து, இரண்டு ஸ்பீக்கருக்காகவும் சுவர் திருப்பித் தருவதற்காகவும் கொஞ்சம் கூட்டினால், பக்கத்துக்கு 1 வாட்டில் கதிரையில் 93 டெசிபல் அளவில் கேட்கும். அவர் இரவில் கேட்பது 75 டெசிபல். அதாவது 18 டெசிபல் கீழே. விடை: பக்கத்துக்கு ஏறக்குறைய 16 மில்லிவாட். ஸ்பீக்கர் முனையில் 0.36 வோல்ற்.

16 மில்லிவாட்! பெட்டியில் 55 வாட் இருக்கிறது. தவில் அடி விழும் இடத்தில் சராசரியைவிட 20 டெசிபல் மேலே குதித்தாலும் 1.6 வாட்தான் வேண்டும். இதற்கு 200 வாட் வாங்குவது, கிணற்றடியில் செம்பு நிரப்பப் பவுசர் பிடிப்பது மாதிரி.

ஆனால் கணக்கின் மறுபக்கம் யோசிக்க வைத்தது. இந்த அம்ப் தன் வாழ்நாள் முழுக்கச் செய்யாத வேலையை இப்போது செய்கிறது: தன் பலத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கில் நாள் முழுக்க ஓடுவது. முந்தைய மந்தமான ஸ்பீக்கர்கள் அதை வேலை வாங்கின, அதன் குறைகளையும் மூடிவைத்தன. 96 டெசிபல் பெட்டி எதையும் மூடாது.

உயிர் போய் வந்த பக்கம்

முதல் நாள் முழுக்க இடது பக்கப் பலகையில் சோல்டர் வெடிப்பைத் தேடி வீணாக்கினேன். தட்டிப் பார்த்தேன், சூடாக்கிப் பார்த்தேன், வொலியூம் கொன்ட்ரோலைச் சந்தேகித்தேன். (யாரோ முன்பு அதற்குள் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறாக்கும். தயவுசெய்து வேண்டாம்.) மேசையில் என் சோதனை ஸ்பீக்கரில் அம்ப் ஒழுங்காகப் பாடியது, ஏனென்றால் நான் அதைச் சத்தமாக வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சேரின் வசனம் திரும்ப ஓடியது. சத்தமாக வைத்தால் உயிர் வருகிறது. மெல்லமாக வைத்தால் சாகிறது. சூட்டிலோ அதிர்விலோ இல்லை, கரண்டின் அளவில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் காலத்து அம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு ரிலே, தானாக மூடித் திறக்கும் சுவிட்ச், இருக்கும். அம்ப் போட்டு சில வினாடி கழித்து 'டிக்' என்று கேட்குமே, அதுதான். போட்டவுடன் வரும் அதிர்வையும், உள்ளே ஏதாவது எரிந்து டீசி (ஒரே திசையில் பாயும் கரண்ட்) வந்தால் அதையும் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பதற்கு. அதன் தொடுமுனைகளில் நாற்பது வருடத்தில் மெல்லிய கறுப்புப் படலம் பிடித்துவிடும். கடல் பக்கத்தில் இன்னும் வேகமாக. கரண்ட் நன்றாகப் பாய்ந்தால் படலம் உடைந்து வழி விடும். சில பத்து மில்லிஅம்பியர் மட்டும் வந்தால் அது அசையாது.

ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் லோட் ரெசிஸ்ரரைக் கட்டி, 1 கிலோஹேட்ஸ் ஒலியை, சேர் கேட்கும் அதே 0.36 வோல்ற்றில் அனுப்பினேன். ரிலேக்கு முன்னால் 0.36. பின்னால், இடது பக்கத்தில் 0.14. வலதில் 0.35. படலம் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் ஏறக்குறைய 12 ஓம்மாக நின்று 8 டெசிபல்லை விழுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அளவை 5 வோல்ற்றுக்கு ஏற்றினேன். இடது பக்கம் சட்டென்று 4.9க்குத் தாவியது. திரும்பக் குறைத்தேன்: 0.35. சுகம்! இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 0.29, அப்புறம் 0.2. அலையை வரைந்து காட்டும் ஒஸிலோஸ்கோப்பில் அந்த நேரத்தில் அலையின் முகமே கோணியிருந்தது. குறைந்து கேட்டதோடு கரகரப்பாகவும் கேட்டிருக்கும். சேர் அதை ஸ்பீக்கரின் குணம் என்று நினைத்திருந்தார்.

ரிலேயின் மூடியைக் கழற்றி, தடித்த காகிதத் துண்டை அல்கஹோலில் நனைத்துத் தொடுமுனைக்கு நடுவே இழுத்தால் கறுப்பு வரும். மண்தாள் போடவே கூடாது. மேலே பூசியிருக்கும் உலோகம் போய்விட்டால் சில மாதத்தில் இதைவிட மோசமாகிவிடும். துடைத்ததில் இரண்டு பக்கமும் சரியானது. ஆனாலும் நான் அதோடு விடவில்லை. அதே 24 வோல்ற், இரட்டை முனை, முழுதாக அடைத்த புது ரிலே ஒன்றைக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பித்துப் போட்டேன். உவர்மலைக் காற்றில் திறந்த ரிலேயை நம்புவதற்கு எனக்குத் துணிவில்லை.

இரைச்சல், குமிழ், நாலு ரெசிஸ்ரர்

ரிலே சரியான பிறகு அம்ப்பை வீட்டுக்கே கொண்டுபோய்ப் பொருத்தினேன். இந்த மாதிரி ஸ்பீக்கர்களை மேசையில் வைத்து முடிவு சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணி, காற்று விழுந்து வெளியே அமைதி. வொலியூம் பூச்சியத்தில். கதிரையில் இருந்தபடியே 'ம்ம்ம்' என்று கேட்டது, கூடவே மெல்லிய 'ஸ்ஸ்'.

சேர் சொன்னார், "இது பழசுதானே தம்பி, இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. இடது பக்கம் ஸ்பீக்கர் முனையில் 3 மில்லிவோல்ற். சின்ன எண். 87 டெசிபல் ஸ்பீக்கரில் 1 மீற்றரில் அது 27, 28 டெசிபல்தான். மின்விசிறிச் சத்தத்துக்குள் மறைந்துவிடும். ஹெரசியில் அது 36க்கு மேல். அம்ப் பழைய நாளிலும் இரைந்துதான் இருந்திருக்கும், கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒஸிலோஸ்கோப்பில் 100 ஹேட்ஸ் தெளிவாக நின்றது. நம் 50 ஹேட்ஸ் கரண்டை டயோட்டுகள் ஒரே திசைக் கரண்டாக மாற்றும்போது வரும் இரட்டிப்பு. ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது: பாட்டுக் கொடுக்கும் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சலில் கொஞ்சம் போனது. அதற்கு மருந்து இலவசம். கேட்கும் நேரத்தில் பற்றறியில் ஓடவிடலாம். மீதி 100 ஹேட்ஸ், சின்ன சிக்னலை முதலில் கையாளும் முன்பகுதிப் பலகைக்குப் போகும் வழியிலிருந்த ஒரு 470 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரில் இருந்து. காய்ந்துபோய் உள்ளே ஒன்றுமில்லை. அதையும் அதன் பக்கத்துச் சின்னதுகள் மூன்றையும் மாற்றினேன். 3 மில்லிவோல்ற் 0.9 ஆனது. பெரிய ஃபில்டர் கப்பாசிற்றர் இரண்டையும் மீற்றரில் பார்த்தேன். நன்றாக இருந்தன, தொடவில்லை. பழைய அம்ப் என்றால் எல்லாக் கப்பாசிற்றரையும் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பிடுங்கும்போது பலகையின் செப்புப் பாதை உரிந்து வந்து, நல்ல அம்ப் கெட்ட அம்ப்பாக என் மேசைக்கு வந்த கதைகள் உண்டு.

வந்த வழியில் இன்னொன்றும் பார்த்தேன். பின்பக்கத்து வோல்ற்றேஜ் தெரிவுக் கட்டை 220இல் இருந்தது. சேர் வீட்டில் அன்றிரவு சொக்கற்றில் 241 வோல்ற். 240க்கு மாற்றிவிட்டேன். இதற்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் ட்ரான்ஸ்போமருக்கும் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் நிம்மதி.

அடுத்தது வொலியூம் குமிழ். இது அம்ப்பின் பழுதே இல்லை, காலத்தின் பொருத்தமின்மை. அந்த நாளில் ரேப் டெக், ரியூனர் எல்லாம் தரும் சிக்னல் சிறியது என்று, 150 மில்லிவோல்ற் வந்தாலே முழு 55 வாட் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். லப்டொப்பின் டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக்கும் இன்றைய டாக் பெட்டி உச்சத்தில் 2 வோல்ற் தரும். பதின்மூன்று மடங்கு! அதோடு கொஞ்ச வாட்டிலேயே சத்தம் தரும் ஸ்பீக்கரும் சேர்ந்தால், சேர் கேட்கும் அளவுக்கு வொலியூமை 40 டெசிபல் கீழே பிடிக்க வேண்டியிருந்தது. குமிழ் கடிகாரத்தின் எட்டு மணியைத் தாண்டவே இல்லை. தொட்டால் ஏறும், விட்டால் இறங்கும். அதைவிட மோசம், ஒரே அச்சில் இருக்கும் இடது வலது இரண்டு தடங்களும் அந்தத் தொங்கலில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அளந்தேன், 4.5 டெசிபல் வித்தியாசம். பாடுபவர் வலது ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்திருந்தார். அதைச் சரிப்படுத்த சேர் பேலன்ஸ் குமிழைத் திருகி வைத்திருக்க, ரிலே இடது பக்கத்தைத் தின்ன, எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

போனிலேயோ லப்டொப்பிலேயோ வொலியூமைக் குறைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், பேலன்ஸ் சரியாகும். ஆனால் வொலியூம் குமிழுக்குப் பின்னால், முன்பகுதியில் பிறக்கும் 'ஸ்ஸ்' அப்படியே இருக்கும். அதையும் சேர்த்துக் குறைக்க ஒரே இடம், முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே. நல்லகாலம், இந்த அம்ப்பின் பின்பக்கத்தில் அந்த இரண்டையும் பிரிக்கும் சொக்கற்றுகள் இருந்தன. சாதாரணமாக உலோகத் துண்டு ஒன்றால் இணைத்து வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பல அம்ப்களில் இது உண்டு. 1978இல் வந்து உலகெங்கும் விற்ற 20 வாட் என்ஏடி 3020இலும் உண்டு.

அந்தத் துண்டுகளைக் கழற்றி, குட்டி டப்பா ஒன்றில் பக்கத்துக்கு இரண்டாக நாலு ரெசிஸ்ரர் போட்டேன். 10 கிலோஓம் வரிசையில், 2.2 கிலோஓம் நிலத்துக்கு. 15 டெசிபல் குறையும். விலை ஒரு பிளேன்ரீக்கு வராது. இப்போது குமிழ் பத்தரை மணியில் நிற்கிறது, இரண்டு தடங்களின் வித்தியாசம் 0.8 டெசிபல், இரைச்சல் 0.4 மில்லிவோல்ற். தொடங்கும்போது இருந்ததைவிட 17 டெசிபல் கீழே. அம்ப்பின் உள்ளே எதையும் வெட்டவில்லை. நாளைக்கு யாராவது மந்தமான ஸ்பீக்கர் கட்டினால் டப்பாவைக் கழற்றிவிட்டுப் பழைய துண்டைக் குத்தலாம். அந்தத் துண்டுகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு அம்ப்பின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.

ஸ்பீக்கர் வயரில் ரெசிஸ்ரர் போட்டும் குறைக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம். வூஃபரைப் பிடித்து நிறுத்தும் அம்ப்பின் பிடி அதில் தளர்ந்துவிடும்.

பயஸ்

என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் ருசியே இதில்தான்.

இந்த வகை அம்ப்பில் அலையின் மேல்பாதியை ஒரு ட்ரான்சிஸ்ரரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் தள்ளும். கை மாறும் இடத்தில் இடைவெளி விழாமல் இருக்க, பாட்டு இல்லாதபோதும் இரண்டிலும் கொஞ்சம் கரண்ட் ஓடவிட வேண்டும். அதுதான் பயஸ். அது குறைந்தால் கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன முறிவு. பெரிய அலையில் முறிவு தெரியாது. 0.36 வோல்ற் அலையில் முறிவே பாதி அலை.

இடது பக்கத்தில் 0.47 ஓம் எமிற்றர் ரெசிஸ்ரரின் குறுக்கே 2 மில்லிவோல்ற் இருந்தது, வலதில் 7. மனுவல் சொல்வது 10. பயஸைக் கூட்டிக் குறைக்கும் திருகி திறந்த கார்பன் வகை, உப்புக் காற்றில் தேய்ந்தது. அது ஆபத்தான சாமான். முனை தொடர்பு அறுந்தால் சில அம்ப்களின் சேர்க்கிட்டில் பயஸ் உச்சத்துக்கு ஓடி ட்ரான்சிஸ்ரர்கள் எரியும். அடைத்த பலசுற்றுத் திருகி போட்டேன், தொடர்பு அறுந்தால் பயஸ் குறையும்படியாகக் கட்டி.

10 மில்லிவோல்ற் என்றால் 21 மில்லிஅம்பியர். அதை அப்படியே விடலாமா, ஏற்றலாமா? 1971இல் ஹியூலட்-பக்கார்ட்டின் பார்னி ஒலிவர் இந்தக் கை மாற்றத்தை ஆராய்ந்து, ஏறக்குறைய 26 மில்லிவோல்ற்றில் முறிவு மிகக் குறையும் என்று காட்டினார். ட்ரான்சிஸ்ரருக்குள் இருக்கும் தடையும் அந்தக் கணக்கில் சேர்வதால், வெளியே அளப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். நான் 20 வைத்தேன், ஏறக்குறைய 43 மில்லிஅம்பியர். இதில் ஒரு அழகு இருக்கிறது. உச்சியில் அதன் இருமடங்கு, 85 மில்லிஅம்பியர் வரை போகும் அலைக்கு இரண்டு ட்ரான்சிஸ்ரரும் விடாமல் சேர்ந்து வேலை செய்யும், கை மாற்றமே நடக்காது. 8 ஓம்மில் அது 29 மில்லிவாட். சேர் இரவில் கேட்பது 16. ஆக, அவர் கேட்கும் சராசரி அளவில் இந்தப் பழைய பெட்டி, கை மாற்றமே இல்லாத கிளாஸ் ஏ அம்ப்பாகவே ஓடுகிறது! மகன் அனுப்பப் பார்த்த ட்யூப் அம்ப்பிடம் எதிர்பார்த்த மென்மையில் ஒரு பங்கு, திருகியைச் சுற்றியதில் வந்துவிட்டது. 87 டெசிபல் ஸ்பீக்கரோடு இந்தச் சலுகை கிடைக்காது. அங்கே அதே சத்தத்துக்கு 125 மில்லிவாட் வேண்டும்.

விலை, சூடு. ±38 வோல்ற்றில் பக்கத்துக்கு 3 வாட் சொச்சம் சும்மா எரிகிறது. மத்தியானம் மூடிய அலுமாரிக்குள் வைத்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். மேசையில், மேலே ஒரு சாண் இடைவெளியோடு இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு சூட்டை வெளியே விடும் உலோகத் தகடான ஹீற்சிங்க்கில் கை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தது.

கேட்டது

சேர் முதலில் போட்டது தெட்சணாமூர்த்தியின் தவில். 1975இல் காலமான மனிதர். ரேப்பிலிருந்து ரேப்புக்கு மாறி வந்த பதிவு என்பதால் அதற்கே உரிய இரைச்சல் உண்டு. அந்த இரைச்சல் எங்கே முடிகிறது, அம்ப் எங்கே தொடங்குகிறது என்று இப்போது பிரித்துக் கேட்க முடிந்தது. வலந்தலையில் அடி விழும்போது ஒஸிலோஸ்கோப்பில் பார்த்த ஆகக் கூடிய உச்சி 6 வோல்ற். அம்ப்பால் 29 வரை போக முடியும்.

அடிப்பகுதிதான் கொஞ்சம் மெலிவு. ஹெரசி 50 ஹேட்ஸுக்குக் கீழே பெரிதாக இறங்காது, அதற்கு அம்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்ற பெட்டிகளைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதும் தவிலின் தொப்பிப் பக்கத்துச் சத்தம் தடித்தது. சீமெந்துத் தரையில் எதிரொலித்த கீச்சை, நடுவில் ஒரு பனையோலைப் பாயை விரித்துக் குறைத்தோம். பாய் சேரின் மனைவியின் யோசனை. எங்கள் இருவரையும்விட அவரின் காது கூர்மை. "இடது பக்கத்து நடுக் குழல் இப்பவும் கொஞ்சம் மங்கல்" என்றார். அளந்ததில் 1 டெசிபல் குறைவு. அதை நான் தொடவில்லை. ஹோர்னைக் கழற்றினால் திரும்ப இறுக்குவதற்கு நல்ல திருகு வேண்டும்.

மகன் அன்றிரவே போன் எடுத்தார். "அண்ணை, அப்ப ட்யூப் வேண்டாமா?"

"இப்ப வேண்டாம். அந்தக் காசில அப்பாவுக்கு ஒரு நல்ல ரேப் டெக் பாருங்கோ. அவரிட்ட முந்நூறு கசற் இருக்கு."

வாடைக் காற்றும் மழையும் ஓய்ந்து தை மாதம் ஒருக்கால் போய் மூடியைத் திறந்தேன். பயஸ் இடது 20, வலது 21. ரிலேயின் இரு பக்கமும் 0.36. பின்பக்கத்துச் சொக்கற்றுகளில் மட்டும் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது, நாலு மாதத்திலேயே. துடைத்துவிட்டு, பாவிக்காத சொக்கற்றுகளுக்கு ரப்பர் மூடி போட்டேன். பேலன்ஸ் குமிழ் நடுவில் இருந்தது. சேர் அதன் மேல் ஒரு துண்டு செலோரேப் ஒட்டிவைத்திருந்தார்.